16 இலக்க அக்கவுண்ட் நம்பர்கள்: டேட்டாபேஸ் க்வெரியில் என்கிரிப்ட் பண்ணி (கீ போட்டுப் பூட்டி) மாட்டினவங்க எழுதுங்க

தறிநாடா:
சம்பள டேபிள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், பழைய சர்வர், ஸ்ட்ரிக்ட் மோடு ஆஃப் (நீளம் மீறினா எரர் தராம வெட்டிட்டு வார்னிங் மட்டும் தரும்). அக்கவுண்ட் நம்பர் ஃபீல்டு லத்தீன்1, வார்ச்சார் 20, அதாவது எழுத்துக்கு ஒரு பைட், அதிகபட்சம் 20. ஒரே அப்டேட்டில் எல்லாத்தையும் ஏஇஎஸ்_என்கிரிப்ட் பண்ணினேன். என்னோட 11 இலக்க நம்பரை டிகிரிப்ட் பண்ணிப் பார்த்தேன், சரியா வந்துச்சு. வார்னிங் எத்தனைன்னு பார்க்கவே இல்லை.

மாசக் கடைசி நாள் அக்கவுண்ட்ஸ் அக்கா போன் பண்றாங்க: "தம்பி, பேங்க் ஃபைல்ல பாதிப் பேருக்கு நம்பரே வரலியே, காலியா இருக்கு."

அந்தப் பாதிப் பேருக்கும் 16 இலக்க நம்பர். ஏஇஎஸ் 16 பைட் பிளாக்காத்தான் பூட்டும், கடைசி பிளாக்கை நிரப்ப பேடிங் சேர்க்கும். 15 எழுத்து வரைக்கும் 16 பைட்டில் அடங்கிடும். சரியா 16 ஆனா பேடிங்குக்கே இன்னொரு பிளாக் சேர்ந்து 32 பைட். 20ல் வெட்டுப்பட்டதை டிகிரிப்ட் பண்ணா எரர்கூட வராது, நல் (வெற்று மதிப்பு) தான். அப்டேட்டுக்கு முந்தின பேக்கப் இருந்ததால ஒரு நாள் தள்ளியாவது சம்பளம் ஏறுச்சு.

ராத்திரிஷிஃப்ட்:
எனக்கு மைஎஸ்கியூஎல்லோட பாஸ்வேர்டு() ஃபங்ஷன், பாஸ்வேர்டை ஹேஷா (திருப்பி எடுக்க முடியாத கோடா) மாத்துறது. 5.7லேர்ந்து 8.0க்கு ஏத்தின மறுநாள் ஒருத்தராலயும் லாகின் பண்ண முடியல. 8.0ல் அந்த ஃபங்ஷனே கிடையாது, எங்க லாகின் க்வெரி முழுக்க அதுதான். ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர். ஓபி வரிசை வாசலைத் தாண்டி நிக்குது, ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணு கோடு போட்ட நோட்டுல டோக்கன் எழுதிக்கிட்டிருக்கு. அந்த ஃபங்ஷன் செய்றதை நானே எழுதினேன்: ஷா1 ஹேஷ், அதை அன்ஹெக்ஸ் பண்ணி (பைட்டாக்கி) மறுபடி ஷா1, பெரிய எழுத்தாக்கி முன்னால ஒரு நட்சத்திரம். அதே 41 எழுத்து வந்துச்சு, தப்பிச்சேன்.

மதுரைடிபிஏ:
ராத்திரிஷிஃப்ட், நீங்க தப்பிக்கல, தள்ளிப்போட்டிருக்கீங்க. அதுல சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடவும் சேர்க்கிற தனி ரேண்டம் மதிப்பு) இல்லை. ரெண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வச்சா ஒரே ஹேஷ்தான். 2012ல் லிங்க்ட்இன்லேர்ந்து கசிஞ்சதும் சால்ட் இல்லாத ஷா1 தான். ஒவ்வொருத்தரும் அடுத்த தடவை லாகின் பண்ணும்போது பிகிரிப்ட்டுக்கு (சால்ட்டோட, வேணும்னே மெதுவா ஓடுற ஹேஷ்) மாத்திடுங்க, அதுவும் க்வெரியில இல்ல, அப்ளிகேஷன்ல.

தறிநாடா, ஃபீல்டை வார்பைனரி (எழுத்தா இல்லாம பைட்டாவே வைக்கிற டைப்) ஆக்குங்க. மோடை மாத்தலேன்னா அது ஏஇஎஸ்-128-ஈசிபி. ஒரே கீ, ஒரே நம்பர்னா ஒரே விடை. சிபிசி மோடு வைங்க, ஒவ்வொரு வரிக்கும் தொடக்க மதிப்பா ரேண்டம்_பைட்ஸ்(16) எடுத்துப் பக்கத்திலேயே சேமிங்க. கீயை க்வெரிக்குள்ள எழுதாதீங்க. ஒருதடவை ஸ்லோ க்வெரி தேட ஜெனரல் லாக்கை (வர்ற எல்லா க்வெரியையும் எழுதி வைக்கிறது) ஆன் பண்ணினேன். வரிக்கு வரி எங்க கீ. அந்த ஃபைலை அப்படியே வெளியாளுக்கு மெயில்ல அனுப்பியிருந்தேன்.

தறிநாடா:
சிபிசி போட்டா நம்பரை வச்சு எப்படித் தேடுறது? ஒரே நம்பருக்கும் வரிக்கு வரி வேற விடை, க்வெரியோட வேர் (WHERE) கண்டிஷன்ல மேட்ச்சே ஆகாதே. தினமும் தேடுறாங்க. பக்கத்துல ஷா2 ஹேஷ் ஒண்ணு வச்சுக்கவா?

குளத்துமேடு:
வெறும் ஷா2 வேண்டாம். நாங்க மொபைல் நம்பருக்கு அப்படித்தான் வச்சிருந்தோம். 6, 7, 8, 9ல் தொடங்குற 10 இலக்கம். மொத்தமே 400 கோடி. கூட வேலை பார்த்த பையன் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிற மெஷின்ல எல்லா நம்பருக்கும் ஹேஷ் போட்டு எங்க டேபிளோட ஒப்பிட்டான். டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. ஸ்கிரீன்ல ஓடின லிஸ்ட்ல என் வீட்டம்மா நம்பர் இருந்துச்சு.