புதுப்பிப்பு: எடிட்டரில் உதவிக் குறிப்புகள் ஒரே இடத்துக்கு வந்துவிட்டன

எங்கள் சின்ன எடிட்டரில் உதவி ஒவ்வொரு திரையிலும் ஒவ்வொரு மூலையில் இருக்கிறது, எங்கே வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பலர் லினக்ஸ் டெர்மினலில் ஓடும் நேனோ என்ற எளிய எடிட்டரைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், அதையே பின்பற்றிவிட்டோம்.

நேனோவில் குறிப்புகள் எப்போதும் கீழே இரண்டு வரிகளில்தான் வரும். கோப்பைத் திறந்திருந்தாலும், தேடினாலும், சேமிக்கப் பெயர் கேட்டாலும் மேல்வரியின் இடது ஓரத்தில் கண்ட்ரோல்-ஜி, அதாவது உதவி, அசையாமல் நிற்கும். அதன் கீழே வெளியேறும் சாவி. தேடும்போது அதே இடத்தில் ரத்துசெய்யும் சாவி. மற்றவை வேலைக்கேற்ப மாறும். இந்த அமைப்பு எனக்கு ரொம்பவே பிடித்திருக்கிறது. மாட்டிக்கொண்டவருக்கு வேண்டியது இரண்டுதான்: விளக்கம், வெளியே வர வழி. இரண்டும் ஒரே மூலையில்.

மேலமாசி வீதிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடையில் போட்டுக் கொடுத்தோம். அங்கே தட்டச்சு செய்யும் அக்கா தேடல் பெட்டியில் நின்றுகொண்டே, "தம்பி, இப்பக் கண்ணு தானா கீழதான் போகுது" என்றார். அது போதும் எனக்கு.

பழகியவர்களுக்கு அந்த வரிகள் இடைஞ்சல் என்று சிலர் சொன்னது நியாயம்தான். நேனோவில் ஆல்ட்-எக்ஸ் அழுத்தினால் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். நாங்களும் அப்படியே வைத்தோம். மறைத்தாலும் எஃப்1 அழுத்தினால் உதவி வரும்.

அப்புறம், அமைப்புகள் பக்கம் மட்டும் பாக்கி. அங்கே சின்னத் திரையில் இரண்டாவது வரி வெட்டுப்படுகிறது. அடுத்த வெளியீட்டில் சரிசெய்கிறோம்.