பன்னியில ரெண்டு ராத்திரி: பாலைவனத்து ஊருல தங்குனவிய உங்க கதையும் சொல்லுங்க

குளச்சல் பொண்ணு

மக்கா, பாலைவனத்து ஊருல போய் தங்குனவிய இருந்தா சொல்லுங்க, மொதல்ல என் கதைய கொட்டிருதேன். போன ஜனவரியில நாகர்கோயில்லருந்து வாரத்துக்கு ஒருக்கா போற காந்திதாம் வண்டியில அம்மையையும் அத்தையையும் கூட்டிட்டு ஏறினேன், கட்டிட்டுப் போன புளிசாதம் கோவா வர்றதுக்குள்ள தீந்துட்டு, அப்புறம் ரெண்டு பேரு புலம்பலையும் கேட்டுக்கிட்டேதான் குஜராத் வரைக்கும் போனேன். எறங்கி புஜ் போயி, அங்கருந்து வடக்க அறுபது கிலோமீட்டருக்கு மேல போனா பன்னின்னு ஒரு பெரிய புல்வெளி (சிரிக்காதீய, பேரே அதுதான்), அதுக்குள்ள ஹோட்கான்னு ஊரு. ஊர்க்காரங்களே கமிட்டி வச்சு நடத்துற ஷாம்-ஏ-சர்ஹத்லதான் தங்கினோம். போன்ல "பூங்கா வேணுமா டென்ட் வேணுமா"ன்னு கேட்டாவ, அம்மைக்கு ஒரே கோவம், இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்து பார்க்குல கெடக்கச் சொல்லுதியான்னு. போனப்பறம்தான் தெரிஞ்சுது, அங்க பூங்கான்னா வட்டமான மண்வீடு, மேல கூம்பா புல்லு வேஞ்சிருக்கும். உள்சுவர்ல மண்ணும் சாணியும் கொழச்சு கோலம் மாதிரி மேடா இழுத்து, நடுநடுவ குட்டிக் குட்டிக் கண்ணாடி பதிச்சிருக்காவ, ஒரு விளக்கு ஏத்துனா போதும் வீடே மின்னுது. மத்தியானம் வெளிய மண்டை காயும்போது உள்ள நம்ம பழைய ஓட்டு வீட்ட விட குளுமை.

2001 ஜனவரி 26 பூகம்பத்துல புஜ் டவுன்ல காங்கிரீட் கட்டடம்லாம் பொலபொலன்னு விழுந்தப்ப இந்த மாதிரி வட்ட வீடு நெறைய நின்னுச்சாம். மூலையே இல்லாததால குலுக்கல் ஒரு எடத்துல போயி சேராம சுத்திப் பரவிருதுன்னு கூட வந்த பையன் வெளக்கினான். சாப்பாடு கம்பு ரொட்டி, வெண்ணெய், வெல்லம், கிச்சடி, மோரு. மூணாம் நேரமே அத்தை "ஒரு துண்டு கருவாடு கொண்டாந்திருக்கலாம்"னா.

ராத்திரி எருமைய மேய விட்டுருதாவ. பகல்ல இல்ல, ராத்திரி! பன்னி எருமைன்னே தனி இனம், வெயிலுக்குப் பயந்து இருட்டுல போயி மேஞ்சுட்டு விடியக்காலம் யாரும் கூப்பிடாமலே கறவைக்கு வீடு திரும்பிரும். நான் நாலு மணிக்கே எழும்பி போர்வையோட நின்னேன், மொதல்ல மணிச் சத்தம், பெறகு மூச்சு விடுற சத்தம், அதுக்கப்புறந்தான் உருவம் தெரிஞ்சுது. அந்தப் புல்வெளி பூரா நம்ம கயத்தாறு பக்கம் ரோட்டோரம் நிக்குமே சீமைக்கருவேலம், அதேதான் பரவிக் கெடக்கு, அறுபதுகள்ல வனத்துறை நட்டது. அங்க அதுக்குப் பேரு காண்டோ பாவல், பைத்தியக்கார மரம்னு அர்த்தமாம். கரெக்ட் பேரு.

எரிச்சலானது ஒண்ணே ஒண்ணு. எங்கூட இல்லாத வேற ஒரு கூட்டம் வேன்ல வந்து எறங்குச்சு, எம்ப்ராய்டரி போட்டுக்கிட்டிருந்த ஒரு அம்மா முந்தானைய இழுத்து மொகத்த மறைக்கிறாவ, இவனுக சுத்திப் போய் சைடுலருந்து போட்டோ எடுக்கானுவ. எனக்கு ஏன் சுள்ளுன்னு ஆச்சுன்னா, கரையில நின்னு கரமடி வலை இழுக்கும்போது எங்கப்பாவையும் மாமாக்களையும் இப்படித்தான எடுப்பானுவ, கயிறுல ஒரு கை வைக்க மாட்டான், போட்டோ மட்டும் வேணும். அந்த அம்மாகிட்ட எங்கம்மை சைகையிலயே கடலு, அலை, வீடு போச்சுன்னு 2004 கதைய சொன்னா. அவிய கையால தரை ஆடுறத காட்டி 2001ன்னு விரல்ல காட்டுனாவ. ரெண்டு பேருக்கும் ஒரு பாஷையும் தெரியாது, ஒரு மணி நேரம் பேசினாவ, நடுவுல ஒருக்கா சிரிக்க வேற செஞ்சாவ.

மார்த்தாண்டம் மாமா

நான் பி.எஸ்.எஃப்ல, அதான் எல்லைப் பாதுகாப்புப் படையில, ராஜஸ்தான் ஜெய்சல்மேர் பக்கம் மூணு வருசம் கெடந்தவன் மோளே. சாம் மணல்மேட்டுல டென்ட் கேம்ப்ல ஜெனரேட்டர் போட்டு சினிமா பாட்டு பாடுவானுவ, டூரிஸ்ட் ஆடுவான், அதப் பாத்து அவ்வளவுதான் இவங்க சங்கீதம்னு நெனச்சேன். ஒரு நாள் பக்கத்து ஊர்ல ஒரு ராஜபுத்திர வீட்டுல ஆம்பளப் பிள்ள பொறந்ததுக்குப் பாட வந்தது பாத்தா கேம்ப்ல பாடுன அதே மாங்கணியார்தான். இவங்க முஸ்லிம், தலைமுறை தலைமுறையா இந்து வீட்டு கல்யாணம், பேறுக்குப் பாடுறவங்க, அந்த வீட்டு முன்னோர் பேரெல்லாம் பாட்டுலயே வரிசையா வரும். கமாய்ச்சான்னு ஆட்டுத்தோலு போட்ட ஒரு வாத்தியம், வில்லு வச்சு இழுப்பான், கையில கர்தால்னு மரக்கட்டை. மைக் இல்ல. எனக்கு ரோமம் எழும்பிட்டு. போறவிய கேம்ப்ப விட்டுட்டு ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, காச அவன் கையிலயே குடுங்க, நடுவுல ஏஜென்ட் எதுக்கு.

தக்கலை டீச்சர்

நாங்க ஜோத்பூர்ல ஜீப்ல பிஷ்னோய் ஊருக்குப் போனோம், மரத்தையும் மானையும் சாமி மாதிரி காக்குற சனங்க. போன ஒடனே அபினி கரைச்ச தண்ணிய உள்ளங்கையில ஊத்தி குடிக்கச் சொன்னாங்க, சட்டப்படி குத்தம், ஆனா டூர்னா இதுதான் மெயின் ஐட்டம்! வீட்டுக்காரர் கைய பின்னாடி கட்டிக்கிட்டாரு. எனக்கு ஷோ வேணாம் மரத்த காட்டுங்கன்னேன். கேஜ்ரின்னாங்க, பாத்தா நம்ம சிவன் கோயில்ல தலவிருட்சமா நிக்கிற வன்னி. 1730ல கேஜர்லியில ராஜா ஆளுங்க சுண்ணாம்பு சூளைக்கு வெட்ட வந்தப்ப அமிர்தா தேவி மரத்த கட்டிப் புடிச்சு உயிர விட்டாங்க, அவங்களோட சேத்து 363 பேரு. அந்த மரத்துக் காயத்தான் காயவச்சு சாங்கிரின்னு கறி வைக்கிறாங்க, கிட்டத்தட்ட நம்ம கொத்தவரை வத்தல். அரை கிலோ வாங்கிட்டு வந்தேன், மாமியாருக்குப் பிடிக்கல.

குளச்சல் பொண்ணு

டீச்சர் 😄 எங்கம்மையும் சும்மா வரல. நிரோனான்னு ஒரு ஊர்ல இரும்புத் தகட்ட அடிச்சு செம்பு பூசி மணி செய்யுதாவ, ஒட்டவே மாட்டாவ, மடக்கி மடக்கியே சேக்குறது. எருமைக்கு ஒரு சைஸ், ஆட்டுக்கு ஒரு சைஸ், சத்தமும் வேற வேற. என்ன மாடு இருக்குன்னு கேட்டாரு, அம்மை ஒண்ணும் இல்லன்னா, அவரு யோசிச்சு ஒரு ஆட்டு மணிய குடுத்தாரு. இப்போ வாசல்ல கெடக்கு. கச்சான் காத்து அடிச்சா எதுத்த வீட்டு பெரியம்மை ஆடு வந்துட்டுன்னு கம்பெடுத்துட்டு எழும்புதாவ.