தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கை தெரிந்தால் நாவலின் அர்த்தம் மாறுமா?

செங்கால்நாரை: 'அசடன்' நாவலின் முதல் பாகத்தில் நாயகன் மிஷ்கின் சொல்லும் மரணதண்டனைக் கதை ஆசிரியருக்கே நடந்தது என்கிறார்கள். கைது, சைபீரியா, வலிப்பு, சூதாட்டம், கடன் எல்லாம் தெரிந்தபின் படித்தால் பாத்திரங்கள் மறைந்து தஸ்தயேவ்ஸ்கிதான் முன்னால் நிற்கிறார். வாசிப்புக் குழுவில் இதைப் பற்றிப் பேச வேண்டும். வாழ்க்கை வரலாற்றை எதுவரை நம்பலாம்?

கரிசல்: சம்பவத்தையும் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே மாற்றியிருக்கிறார் என்று தேடுங்கள். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

1849 டிசம்பர் 22, பீட்டர்ஸ்பர்க் செம்யோனோவ்ஸ்கி மைதானம். தஸ்தயேவ்ஸ்கியைச் சுடப் போவதாக நிறுத்தி, கடைசி நேரத்தில் தண்டனையைக் குறைத்தார்கள். அன்றே அண்ணன் மிகயீலுக்குக் கடிதம் எழுதிவிட்டார்: மூன்று மூன்று பேராக அழைத்தார்கள், நான் ஆறாவது, எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சமில்லை. அப்போது அவருக்கு வயது 28.

நாவலில் மிஷ்கின் சொல்லும் மனிதனுக்கு வயது 27. வரிசையில் எட்டாவது, அதாவது மூன்றாவது அணி. கையில் ஐந்து நிமிடம். அதைப் பங்கு போடுகிறான்: நண்பர்களிடம் விடைபெற இரண்டு, தன்னைப் பற்றி யோசிக்க இரண்டு, மீதி கடைசியாகச் சுற்றிப் பார்க்க. பக்கத்துத் தேவாலயத்தின் கூரை வெயிலில் மின்னுவதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவையும் அடைக்க முடியாது. அதனால்தான் நேரத்தை நீட்டியிருக்கிறார் என்பது என் வாசிப்பு.

இதைவிடப் பெரிய மாற்றம் அடுத்து வருகிறது. கடிதத்தில், வாழ்க்கை ஒரு வரம், ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகத்தின் மகிழ்ச்சியாக இருந்திருக்கலாம் என்று எழுதுகிறார். நாவலில் அதே எண்ணம் அந்த மனிதனுக்கும் வருகிறது. ஆனால் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் அலெக்சாந்திரா விடவில்லை: பிழைத்தபின் ஒவ்வொரு நிமிடத்தையும் கணக்குப் பார்த்து வாழ்ந்தானா? இல்லை, நிறைய நிமிடங்களை வீணாக்கினான் என்கிறான் மிஷ்கின். நாவலின் முதல் பாகம் வந்தது 1868இல். நடுவில் சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நான்கு வருடம், 1864இல் முதல் மனைவியும் அண்ணனும் அடுத்தடுத்து இறந்தது, ரூலெட் சூதாட்ட மேசை. 28 வயதில் எழுதிய கடிதத்துக்கு அவரே எழுதிய பதில் இது. 'சொந்த அனுபவம்' என்று சொல்லி நிறுத்திவிட்டால் இந்தப் பதில் காதில் விழாது.

வடகாற்று: மறுபக்கமும் பாருங்கள். 'மரண வீட்டின் குறிப்புகள்' நூலில் கதை சொல்லும் கொரியாஞ்சிகோவ் மனைவியைக் கொன்ற கைதி. அதனால் தஸ்தயேவ்ஸ்கியே மனைவியைக் கொன்றுவிட்டுத்தான் சைபீரியா போனார் என்று வாசகர்கள் நம்பினார்கள். 1876இல் அவரே இதைக் குறிப்பிடுகிறார்.

உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டும் 1928 கட்டுரையில் வலிப்பைத் தந்தையின் மரணத்தோடு, அதாவது 1839உடன், இணைத்து 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலுக்குத் திறவுகோலாக்கினார். ஆனால் 1857 மருத்துவச் சான்று முதல் வலிப்பை 1850 என்கிறது. தேதியைச் சரிபார்க்காமல் கட்டிய விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு ஏற்பில்லை.

வலிப்பு மிஷ்கினுக்கும் உண்டு, 'கரமசோவ்' நாவலின் ஸ்மெர்த்யாகோவுக்கும் உண்டு. ஒருவனுக்கு வலிப்புக்கு முந்தைய கணத்தில் பேரொளி. இன்னொருவன் கொலையை மறைக்க வலிப்பு வந்ததுபோல் நடிக்கிறான். நோய் ஆசிரியருடையது, அதனால் பாத்திரமும் ஆசிரியர்தான் என்று கணக்குப் போட்டால் இங்கே உடைந்துவிடும்.

செங்கால்நாரை: மாற்றாமல் அப்படியே வைத்த இடம் ஏதாவது உண்டா?

கரிசல்: உண்டு. அவருடைய மகன் அல்யோஷா 1878 மே மாதம் வலிப்பில் இறந்தான். மூன்று வயது நிறைய மூன்று மாதம் இருந்தது. ஜூனில் ஒப்தினா மடத்துக்குப் போய் அங்கிருந்த துறவி அம்புரோசி பெரியவரைப் பார்த்தார். 'கரமசோவ்' இரண்டாம் புத்தகம் மூன்றாம் அத்தியாயத்தில் துறவி ஸொஸிமாவிடம் வரும் தாய் இழந்த குழந்தைக்கும் மூன்று வயதுக்கு மூன்று மாதம் குறைவு, பெயர் அலெக்ஸேய். வயதிலும் பெயரிலும் கை வைக்கவில்லை. ஆனால் துக்கத்தை மட்டும் ஒரு குடியானவப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அவன் குட்டிப் பாதங்களால் அறையில் தத்தித் தத்தி நடக்கும் சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும் என்கிறாள். ஸொஸிமா முதலில் சமயக் கதை சொல்கிறார், அவள் தேறவில்லை. பிறகுதான் அழு என்கிறார். அம்புரோசி பெரியவர் சொல்லி அனுப்பிய ஆறுதலே இங்கே வருவதாகத் தஸ்தயேவ்ஸ்கியின் இரண்டாவது மனைவி அன்னா தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

குழுவில் முதலில் இந்த அத்தியாயத்தைப் படிக்கக் கொடுங்கள், மகன் விவரத்தைச் சொல்லாமல். பேச்சு முடிந்தபின் சொல்லிவிட்டு, இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.