ஃபிஸ்டுலா கையில் துடிப்பு மாறினால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க

எங்க வீட்டுக்காரருக்கு நாலு வருஷமா டயாலிசிஸ். குடியாத்தத்திலிருந்து வாரம் மூணு நாள் வேலூர் போய் வர்றோம். இடது கையில் முழங்கைகிட்ட ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக ரெண்டு ரத்தக்குழாயை ஆபரேஷனில் இணைச்சு வைச்ச இடம். தினமும் காலையில் அது மேல உள்ளங்கையை வைச்சுப் பார்ப்பேன். எங்க தெருவில் விசைத்தறி ஓடும்போது சுவரைத் தொட்டா ஒரு அதிர்வு வருமே, அதே மாதிரி இருக்கும். "இன்னா, ஓடுதா?"ன்னு கேப்பார். ஓடுதுன்னு சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார்.

போன சித்திரையில் அது மாறிப்போச்சு. அதிர்வு போய் தொம் தொம்னு அடிக்க ஆரம்பிச்சுது. ஊசி எடுத்ததும் பத்து நிமிஷத்தில் நிற்கிற ரத்தம் அரை மணி ஆகியும் பஞ்சை நனைச்சுது. மெஷினில் வீனஸ் பிரஷர் (ரத்தம் உடம்புக்குத் திரும்புற பக்கத்து அழுத்தம்) அலாரம் ஓயலை. நாங்க போன சென்டரில் ஊசியைக் கொஞ்சம் திருப்பி வைச்சு, ரத்தத்தை இழுக்கிற பம்ப் வேகத்தை நிமிஷத்துக்கு 300 மில்லியிலிருந்து 200-க்குக் குறைச்சு ஓட்டிட்டாங்க. ரெண்டு வாரம் இப்படியே போச்சு. இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு எரியுது. அதுக்குள்ள ரத்தம் கட்டி அடைச்சிருந்தா கழுத்தில் டியூப் போட வேண்டி வந்திருக்கும். அப்புறம் காய்ச்சல், இன்ஃபெக்ஷன்னு தினம் பயந்துட்டே இருக்கணும்.

வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் கையைத் தலைக்கு மேல தூக்கச் சொன்னார். நல்ல ஃபிஸ்டுலான்னா தூக்கினதும் நரம்பு வற்றி அமுங்கணுமாம். இவருக்குப் புடைச்சபடியே நின்னுது. ரத்தம் திரும்பிப் போற வழி தோள்கிட்ட வளையற இடத்தில் சுருங்கியிருக்குன்னு டாப்ளர் ஸ்கேனில் தெரிஞ்சுது.

அறுவை கிடையாது. மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, ஃபிஸ்டுலா வழியாவே மெல்லிய கம்பி விட்டு, அதுமேல பலூனை ஏத்தி விரிச்சாங்க. விரியறப்ப தோளை முறுக்கிப் பிழியற மாதிரி வலிச்சுதாம். பலூனைச் சுருக்கினதும் போயிடுச்சாம். முடிஞ்சதும் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். முதல் படத்தில் நரம்பு நடுவில் நூல் சுத்தி இறுக்கின மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. அடுத்ததில் சீரா விரிஞ்சிருந்தது. மறுநாளே அதே கையில் டயாலிசிஸ், வேகமும் பழையபடி 300.

ஒண்ணை மறைக்காம சொல்லிடறேன். இது ஒரே தடவையோட தீர்ந்துடறதில்லை. எங்களுக்குக் கார்த்திகையில் மறுபடி சுருங்கிச்சு. இந்தத் தடவை ரெண்டே நாளில் கண்டுபிடிச்சு, பலூன் வைச்சுட்டு வந்துட்டோம்.

அதிர்வே சுத்தமா நின்னுபோச்சுன்னா அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும்னு இருக்காதீங்க, அன்னைக்கே கிளம்புங்க. நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் பேதி, வாந்தி வந்து பிரஷர் இறங்கினாலும் அடைச்சுக்கும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடாதீங்க.

ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு நாள்காட்டித் தாளிலேயே எழுதி வைக்கிறேன். ரெண்டாவது தடவை போனப்ப டாக்டர் முதலில் வாங்கிப் பார்த்தது அந்தத் தாள்களைத்தான்.