தொழில்முனைவர் நடத்தும் தன்வளர்ச்சி இணைய வகுப்புக்கு 1,800 வெள்ளி கட்டலாமா?

உட்லண்ட்ஸ் வாசகி:
வணக்கம். எனக்கு வயது 43. சரக்குப் போக்குவரத்து நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். அலுவலகக் கூட்டங்களில் வாய் திறக்கத் தயங்குவது என் நெடுநாள் குறை. சென்ற வாரம், சொந்தத் தொழிலில் முன்னேறிய ஒருவர் ஸூம் வழி நடத்திய இலவச வகுப்பில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தேன். அவருடைய பேச்சு என்னை உண்மையிலேயே அசைத்துவிட்டது. இறுதியில், ஆறு வார வகுப்புக்கு 1,800 வெள்ளி என்றும், அன்றிரவே கட்டினால் 1,200 வெள்ளி என்றும் அறிவித்தார். நான் கட்டவில்லை, ஆனால் மனம் அங்கேயே நிற்கிறது. 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசின் திறன் பயிற்சித் திட்டம்) தொகையை இதற்குப் பயன்படுத்தலாமா?

தோ பாயோ பயிற்றுநர்:
அத்தொகை அங்கீகரிக்கப்பட்ட குறிப்பிட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே. தனிநபர் நடத்தும் இத்தகைய வகுப்புக்குப் பொருந்தாது. பெரியவர்களுக்குப் பயிற்சியளிப்பதே என் தொழில் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: தொழிலில் வென்றவருக்குத் தாம் வந்த வழி தெரியும், ஆனால் வேறொருவரின் தயக்கம் எங்கே தொடங்குகிறது என்று கண்டு அதைத் திருத்துவது தனிக் கைத்திறன். எனவே அவருடைய வெற்றிக் கதையை ஒதுக்கி வைத்துவிட்டு, வகுப்பில் எத்தனை பேர், நீங்கள் எத்தனை முறை பேசுவீர்கள், பேசியதைக் கேட்டுத் திருத்துபவர் அவரா, உதவியாளரா என்று எழுதிக் கேளுங்கள். காணொளி மட்டும் என்றால் மிகவும் யோசியுங்கள். ஹார்வர்ட், எம்ஐடி பல்கலைக்கழகங்களின் திறந்த இணைய வகுப்புகளிலேயே, 2017-18இல் சேர்ந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 3 பேர்தான் முடித்தார்கள்.

ஜூரோங் மாணவன்:
அக்கா, இரண்டாண்டுகளுக்கு முன் இதைப் போன்ற ஒரு வகுப்புக்கு நான் 2,000 வெள்ளி கட்டினேன். முதல் இரண்டு வாரம் ஆசிரியர் நேரலையில் தோன்றினார். பிறகு பதிவுசெய்த காணொளிகளே வந்தன. நான்காம் வாரம், இதைவிட உயர்ந்த வகுப்பில் சேரச் சொல்லி நாள்தோறும் அழைப்பு வந்தது. அந்தப் பணத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. எனினும் அங்கே அறிமுகமான நாங்கள் ஐவர், ஞாயிறுதோறும் இணையத்தில் கூடி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசி, ஒருவரையொருவர் திருத்தத் தொடங்கினோம். என் கூச்சம் குறைந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

சிராங்கூன் வழக்கறிஞர்:
பணம் கட்டுமுன் திருப்பித் தரும் விதியை எழுத்தில் பெறுங்கள். மனம் மாறியதற்காகக் கட்டணத்தைத் திரும்பப் பெறும் பொதுவான உரிமை இங்கே சட்டத்தில் இல்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை ஏற்கும் என்றாலும், நடத்துபவர் வெளிநாட்டில் இருந்தால் வழக்காடுவது கடினம். பேச்சுப் பயிற்சிதான் வேண்டுமென்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இருக்கின்றன; பல மன்றங்கள் சமூக மன்றங்களில் கூடுகின்றன, தமிழில் நடப்பவையும் உண்டு, விருந்தினராகச் சென்று பார்க்கலாம்.

உட்லண்ட்ஸ் வாசகி:
அனைவருக்கும் நன்றி. பயிற்றுநர் சொன்ன கேள்விகளை எழுதி அனுப்பினேன். சலுகை வெள்ளிக்கிழமை வரை நீட்டிக்கப்பட்டிருப்பதாக மட்டும் பதில் வந்தது. வியாழன் மாலை ஒரு தமிழ் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்துக்கு விருந்தினராகப் போகிறேன். தம்பி, உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் ஆறாவதாக ஒருவருக்கு இடம் இருக்குமா?