புதுப்பிப்பு: பேடில் உறையா, பெல்ட் உறையா?

பெல்ட்டை அவிழ்க்காமலே மாட்டிக் கழற்றலாம் என்பதால் கைத்துப்பாக்கிக்குப் பேடில் உறையே (கால்சட்டை இடுப்புக்குள் செருகும் அகலத் தகடு கொண்ட உறை) போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம். பேடிலின் கொக்கி பெல்ட்டின் கீழ் விளிம்பைக் கவ்வியே ஆக வேண்டும். கவ்வாவிட்டால் துப்பாக்கியை உருவும்போது உறையும் கூடவே வந்துவிடும். தொளதொள பெல்ட்டிலும் இதே கதிதான். குண்டு இல்லை என்று இருமுறை உறுதிசெய்துவிட்டு, பத்துத் தடவை உருவிப் பாருங்கள்.

நாள் முழுக்க அணிபவருக்குப் பெல்ட் உறைதான் (உறையின் துளைகளில் பெல்ட்டைக் கோத்து அணிவது) சரி. உடம்போடு ஒட்டி நிற்கும். ஆனால் 1.75 அங்குலத் துளையில் 1.5 அங்குலப் பெல்ட்டைக் கோத்தால் உறை ஆடும், இடைவெளியை அடைக்கச் சிறு அடைப்புத் துண்டு (ஸ்பேசர்) வையுங்கள். துப்பாக்கியை உறை எவ்வளவு இறுகப் பிடிக்கும் என்பதை மாற்றும் பிடிமானத் திருகைக் கால் கால் சுற்றாக முடுக்கிச் சோதியுங்கள். தளராமலிருக்க நீலத் திருகுப்பசை ஒரு சொட்டு. சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றுவது பெரும்பாடு.