முயல் வேலிக்குக் கடலோரத்தார் ஏன் பணம் கட்ட வேண்டும்?

கரையோரவாசி:
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தென்கிழக்கில் எட்டு உள்ளூராட்சி சபைகள் சேர்ந்து டார்லிங் டவுன்ஸ்-மோர்ட்டன் முயல் வாரியத்தை நடத்துகின்றன. கோல்ட் கோஸ்ட், லோகன் போன்ற மாநகர சபைகளும் டூவும்பா, வெஸ்டர்ன் டவுன்ஸ் போன்ற பிராந்திய சபைகளும் அதில் அடக்கம். லாமிங்டன் தேசியப் பூங்காவில் தொடங்கி மேற்கே சின்சில்லா ஊரையும் தாண்டிச் செல்லும், முயல்களை உள்ளே விடாமல் தடுக்கும் 555 கிலோமீட்டர் வேலியைப் பராமரிப்பதே அதன் முதன்மைப் பணி. கோல்ட் கோஸ்டில் வரி கட்டும் நான் இதுவரை ஒரு முயலைக்கூடக் கண்டதில்லை. இந்நிலையில், களைகளுக்கும் காட்டுப்பன்றிகளுக்கும் இதே போன்ற பொது நிதி வேண்டும் என்று இங்கே சிலர் எழுதுகிறீர்கள். பயிர் வைப்பவரின் நட்டத்தை அவருடைய சபை பார்த்துக்கொள்வதுதானே முறை?

மேட்டுநிலத்தான்:
ஐயா, நீங்கள் முயலைக் காணாததற்கு அந்த வேலியும் ஒரு காரணம். 1859இல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்காக விடுவித்த முயல்கள் சில பத்தாண்டுகளுக்குள் குயின்ஸ்லாந்து எல்லையைத் தொட்டுவிட்டன. இந்த மாநிலத்தில் முயலைச் செல்லப்பிராணியாக வளர்ப்பது இன்றும் குற்றம். மந்திரவித்தைக்காரர்கள்கூட அனுமதி பெற்றுத்தான் வைத்துக்கொள்ள முடியும். வேலி எந்த இடத்தில் அறுந்தாலும் முயல் அங்கேதான் நுழையும். அது எந்தச் சபையின் எல்லை என்று பார்க்காது.

கரையோரவாசி:
வேலியை அளவுக்கு மீறி நம்புகிறீர்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள். வேலை முடிவதற்குள் முயல்கள் மறுபக்கம் போய்விட்டன. நாடு முழுவதும் முயலின் எண்ணிக்கையைக் குறைத்தவை 1950இல் பரப்பப்பட்ட மிக்சோமா வைரசும், 1995இல் வார்டாங் தீவு ஆய்விடத்திலிருந்து தப்பிப் பரவிய கலிசி வைரசும்தான். சப்பாத்திக்கள்ளியை ஒழித்தது அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஓர் அந்துப்பூச்சி. இவற்றுக்கெல்லாம் சபைகளின் கூட்டு நிதி தேவைப்பட்டதா?

நீலமலர்:
உங்கள் கடைசி எடுத்துக்காட்டு உங்களுக்கே எதிராக நிற்கிறது. அந்த அந்துப்பூச்சியைத் தேடிக் கொண்டுவந்தது, கூட்டரசும் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் 1920இல் சேர்ந்து அமைத்த வாரியம். சின்சில்லாவில் அதை வளர்த்து, கோடிக்கணக்கான முட்டைகளைக் கள்ளி மண்டிய நிலங்களுக்கு அனுப்பினார்கள். பூச்சியை யாரோ கொண்டுவந்து விட்டால் போதும் என்ற அவசரத்துக்கு, 1935இல் கரும்பு வண்டை ஒழிக்க விடப்பட்டு, பிறகு தானே தொல்லையாகிவிட்ட தேரையே சாட்சி.

ஆனால் மேட்டுநிலத்தான் சொல்வதையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. 2014ஆம் ஆண்டின் உயிரிப்பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு சபையும் களைகளையும் தொல்லை விலங்குகளையும் கட்டுப்படுத்தத் தன் எல்லைக்கென்று தனித் திட்டம் வைத்திருக்க வேண்டும். பொது நிதி என்று வந்தால், பரப்பளவைக் கணக்கிட்டு எட்டாகப் பங்கிடுவதைவிட களை விதை பயணம் செய்யும் வழிகளை அடைப்பதற்குக் கொடுப்பதே பயன் தரும் என்பது என் கருத்து. பார்த்தீனியக் களை முளைத்து நான்கு வாரத்தில் பூத்துவிடும். அறுவடை இயந்திரத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவியதாகச் சொல்வார்கள். சல்லடையைக் கழற்றி, தானியத் தொட்டியின் மூலைகளைக் காற்றால் ஊதிப் பாருங்கள், கைப்பிடியளவு உமியும் விதையும் கொட்டும். குயின்ஸ்லாந்திலிருந்து வரும் அறுவடை இயந்திரங்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் கட்டாயப்படுத்துகிறது. நம் சபைகளுக்கு இடையிலோ அதே இயந்திரம் தடையின்றிப் போய்வருகிறது.

கரையோரவாசி:
இயந்திரங்களைக் கழுவுமிடங்களுக்குப் பணம் ஒதுக்குவதை நான் எதிர்க்கவில்லை. சாலை எங்களுக்கும் பொதுவானது. வேலியும் இருக்கட்டும், ஓடை குறுக்கிடும் இடங்களில் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆகும் பழுதுச் செலவைத் தனிக் கணக்காகக் காட்டினால் போதும். பன்றிக்கு மட்டும் என்னால் உடன்பட முடியாது. அது துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி தானே செய்துகொள்ளக்கூடிய வேலை.

மேட்டுநிலத்தான்:
செய்துகொள்ள முடியாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். ஆண்டுக்கு எழுபது விழுக்காட்டுப் பன்றிகளையாவது அகற்றாவிட்டால் கூட்டம் மறுபடி பழைய அளவுக்கு வந்துவிடும் என்பது இத்துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நாங்கள் நான்கு பண்ணையார்கள் சேர்ந்து ஒரு வாரம் நச்சில்லாத தானியத்தை மட்டும் வைத்து, கூட்டம் முழுவதையும் ஒரே இடத்தில் தின்னப் பழக்கினோம். நச்சு வைப்பதற்கு முந்தைய இரவு, எங்களிடம் கேட்காமலே பக்கத்து நிலத்துக்காரர் நாய்களோடு வேட்டைக்கு இறங்கினார். அவருக்குக் கிடைத்தவை மூன்று பன்றிகள். எஞ்சியவை ஓடையைக் கடந்து அடுத்த சபையின் எல்லைக்குள் போய், அங்கே கதிர் முற்றியிருந்த சோளத்தில் இறங்கின. துப்பாக்கி எங்கள் எல்லோரிடமும் இருந்தது, ஐயா. ஓடையின் இரு கரைகளிலும் ஒரே நாளில் இரை வைக்கச் சொல்லும் அதிகாரந்தான் எந்தச் சபையிடமும் இல்லை.

நீலமலர்:
அந்த ஓடைக்கு மேலே இருப்பது அரசு வனம் என்றால், எட்டுச் சபைகளும் ஒன்றுசேர்ந்தாலும் மேசையில் மாநில அரசின் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். கரையோரவாசியின் மறுப்புக்குப் பதில் தேடுபவர்கள் முதலில் அதற்கு வழி காட்டட்டும்.